சொல்லிக்கொள்ளாமல் போனவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) மறைவில் உடனிருந்த சொந்தங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ள முடியாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் வழக்கம். "போயிட்டு வரேன்" என்று அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்துவிட வேண்டும். அதனால் இப்போது எனக்கு ஒரு சங்கடம். அப்பாயி போன அன்றும் அதற்குப் பிறகு 16 நாளும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்ல ஆளைத் தேடினால், கையில் கிடைப்பது பாத்திரங்கள்தான்.

எண்ணிப் பார்த்தேன். 23 பாத்திரங்கள். டிபன் கேரியர் நான்கு, எவர்சில்வர் தூக்கு இரண்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், பூப்போட்ட பீங்கான் கிண்ணங்கள், விளிம்பு உதிர்ந்த நீல மங்கு ஒன்று. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறும் சாம்பாரும் சைவ மீஹூனும் காப்பியும் இவற்றில்தான் வந்தன. அப்பாயி இருந்திருந்தால் மூடியைப் பார்த்தே இது இன்னார் வீட்டுப் பாத்திரம் என்று சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் கண் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர் பிறந்தது 1931இல், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 93 வயது. பிள்ளைகள் ஐந்து பேர், பேரப்பிள்ளைகள் 14 பேர், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் 9 பேர். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை 2 மணிக்கு மேல், மழை பெய்துகொண்டிருந்தபோது போனார். மூச்சு நின்றதை முதலில் கவனித்தது நான்தான். இரண்டாவதாகக் கவனித்தது பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி. நான் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டுக் கம்பிக்கதவைத் தட்டினார். அவ்வளவுதான், அப்புறம் எல்லாம் தானாக நடந்தது.

வீட்டில் இறந்தால் போலீஸ் நிலையத்தில் சொல்லி, அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த மழையில் என் பெரியப்பாவை காரில் ஏற்றிக்கொண்டு போனது ஆண்டியின் மகன். அங்கே மேசையில் இருந்தவர் வரிசையாகக் கேட்டிருக்கிறார். பெயர், வயது, அடையாள அட்டை எண். இறந்தவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டபோது பெரியப்பா மலாயில் "சூரி ரூமா" என்றாராம், அதாவது குடும்பத்தலைவி. பக்கத்தில் நின்ற ஆண்டியின் மகன், "இல்லை, ஜுவால் ரெம்பா" என்று திருத்தியிருக்கிறான். மசாலா விற்பவர். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார். பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். பெற்ற பிள்ளை நான், எனக்கு அது வாயில் வரவில்லையே என்கிறார்.

தம்பி, நீ செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப்படுவது அந்த இரண்டு சொல்தான். கார் ஓட்டியதற்கும் நன்றி.

அவர் மசாலா விற்க உட்கார்ந்த கதை எங்கள் வீட்டிலேயே சின்னவர்களுக்குத் தெரியாது. தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இந்தியாவிலிருந்து வந்தவர், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1968இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்தும் போனது. கிட்டங்கிகளில் வேலை குறைந்தது. தாத்தாவின் உறவுக்காரர்கள் பெட்டியைக் கட்டி ரஜுலா கப்பலில் ஏறினார்கள். தாத்தாவும் டிக்கெட் விசாரிக்கப் போனார். அப்பாயி வர மாட்டேன் என்றுவிட்டார். "நான் பாக்காத ஊருக்கு நான் எப்படித் திரும்பிப் போறது?" என்று கேட்டாராம். தாத்தாவிடம் அதற்குப் பதில் இல்லை. மறு மாதம் அம்மியைத் துடைத்து வைத்துக்கொண்டு அப்பாயி வேலையை ஆரம்பித்தார்.

காய்ந்த மிளகாய் முதல் நாள் ராத்திரியே ஊறும். விடியற்காலை 3 மணிக்கு அம்மிச் சத்தம் கேட்கும். மிளகாய் தனி, மஞ்சள் தனி, மல்லி தனி, சீரகமும் சோம்பும் தனி, இஞ்சி பூண்டு தனி. 6 மணிக்கு ஆயர் ஈத்தாம் பாசாரில் (சந்தையில்) ஒரு பலகையில் ஐந்து தட்டு, ஒரு கரண்டி, ஒரு கட்டு வாழையிலை, பழைய செய்தித்தாள். கடை என்றால் அதுதான். மீனுக்கு என்றால் மிளகாயும் மஞ்சளும் தூக்கலாக வரும். கோழிக்கு என்றால் மல்லி தூக்கல். மலாய்க்காரர் வீட்டுக் குருமாவுக்கு மிளகாய் தொடாமல் வெள்ளை மிளகு, மல்லி, சோம்பு, சீரகம். சீனர் வீட்டுக் கறி காப்பித்தான் என்ற கோழிக்கறிக்குச் செராயும் (எலுமிச்சைப்புல்) லெங்குவாசும் (பேரரத்தை) சேர்த்து அரைத்துத் தருவார், ஆனால் பெலாச்சான் என்ற இறால் விழுதை மட்டும் தன் அம்மிப் பக்கம் அண்டவிட மாட்டார். அதை நீங்களே வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய ஹொக்கியன் சீனத்தில் சொல்லிவிடுவார். எத்தனை வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்றுதான் கேட்பார். ஆள் கணக்குக்குத்தான் அளவு, காசு அவர்கள் கொடுப்பது.

தாத்தா 1971இல் இறந்துவிட்டார். அத்தை பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேரும்வரை, வீட்டில் ஐந்து பிள்ளைகளின் சாப்பாடும் புத்தகமும் அந்த அம்மியிலிருந்துதான் வந்தன. 72 வயதுவரை அரைத்தார். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சள் நிறம் கடைசிவரை போகவில்லை என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சரி, நகக்கண்ணில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நன்றிக்கு வருகிறேன். வரிசை முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஏழு மாதம் படுக்கைதான். வாரம் இருமுறை வீட்டுக்கு வந்த தாதி மிஸ்ஸி, உங்களிடம் நான் கற்றுக்கொண்டது எனக்கு எந்தப் பள்ளியிலும் கிடைக்காதது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், குதிகாலுக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது, கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துக் குதிகாலைத் தொங்கவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தீர்கள். ஏழு மாதத்தில் அப்பாயிக்குப் படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. குளிப்பாட்டும்போது நீங்கள் ஒவ்வொரு முறையும் அவரிடம் மலாயில் அனுமதி கேட்டீர்கள். அவர் பதில் சொல்ல முடியாத நிலைக்குப் போன பிறகும் கேட்டீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், எது என்று சொல்ல வேண்டாம், அவரை ஆறு மணி நேரம் நடையில் தள்ளுபடுக்கையிலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் அந்த ஆறு மணி நேரத்தை நினைத்தால் கூடவே நினைவுக்கு வருவது, தரை துடைத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் தம்பி ஒருவர். ஏர்கோனுக்கு நேர்கீழே அப்பாயியின் கால் திறந்து கிடந்தது. எங்கிருந்தோ ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டுத் தன் வாளியை எடுத்துக்கொண்டு போனார். அவர் தமிழ் படிக்க மாட்டார். யாராவது அவரைப் பார்த்தால் சொல்லுங்கள் என்று சொல்லலாம், ஆனால் எப்படி அடையாளம் சொல்வது? நீலச் சீருடை போட்டவர் என்றால் அங்கே நூறு பேர் இருப்பார்கள்.

இறுதிச் சடங்கு நாளுக்கு வருவோம். எங்கள் வீடு நான்காம் மாடி. லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது. எட்டுப் பையன்கள் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் எப்போதும் சைக்கிள், பூந்தொட்டி, செருப்பு அலமாரி என்று ஏதாவது இருக்கும், எங்கள் கட்டடத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அன்று ஒன்றுமே இல்லை. நான்கு மாடியும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் மாடிப் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) சுபுஹ் என்ற விடியற்காலைத் தொழுகை முடித்து வந்த கையோடு ஒவ்வொரு வீடாகத் தட்டி எல்லாவற்றையும் ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. இரண்டாம் மாடிக்காரர், தன் தொட்டி ஒன்று உடைந்துபோனதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டபோதுதான் தெரிந்தது. தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். பாக்சிக், உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

உருமி மேளம் அடித்த தம்பிகளே, உங்களைப் பற்றி இந்த ஊரில் நல்லதும் கெட்டதும் பேசுவார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு பிள்ளைக்கு அன்று எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை, ராத்திரியெல்லாம் படித்துவிட்டுக் காலையில் கிளம்ப வேண்டியவள். யாரோ உங்களிடம் அதைச் சொல்ல, அவள் பள்ளிக்கூட வேன் ஏறிப் போகும்வரை ஓர் அடிகூட அடிக்காமல் உருமியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் தெருவுக்கு வந்ததும் அடித்தீர்களே, அது கல்யாணச் சாவுக்கு ஏற்ற அடி. அப்பாயிக்குப் பிடித்திருக்கும். சிவபுராணம் படித்த கோயில் மாதர்களுக்கும் அது பிடித்திருக்குமா என்று தெரியவில்லை, இருந்தாலும் அவர்களும் முகம் சுளிக்காமல் நின்றார்கள். அவர்களுக்கும் நன்றி.

நெய்ப்பந்தம் பிடிக்கும்போது ஒரு சின்னச் சலசலப்பு. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வரிசையில் நிற்க, ஆண்டியின் பேரன், ஏழு வயது, பத்தாவது ஆளாக வந்து நின்றுவிட்டான். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது அப்பாயி. அவனும் அவரை அப்பாயி என்றுதான் கூப்பிடுவான், அதுதான் அவர் பெயர் என்று நினைப்பு. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காரியம் செய்ய வந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தூக்கி வளர்த்த பிள்ளைதானே, இன்னொன்னு கட்டுங்க" என்றார். கட்டினார்கள். ஐயா, அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் கேட்ட தட்சணை போதாது.

தாய்க்குக் கொள்ளி கடைசி மகன் என்பதால் சித்தப்பா ஜொகூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போக வேண்டும் என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பெரியப்பா "சரி, வா" என்றுவிட்டார். பத்து லாஞ்சாங் சுடுகாடுவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தயார் செய்த பதிலெல்லாம் வீணாய்ப்போனது.

ஆண்டி வீட்டுக்காரர்கள் வெள்ளை உறையில் பெக் கிம் என்ற சாவு வீட்டுப் பணம் கொடுத்தார்கள். சீனர் முறைப்படி 101 வெள்ளி, ஒற்றைப்படை. உறையின் மேல் யாருக்கு என்று எழுதும் இடத்தில் "அப்பாயி" என்று எழுதியிருந்தது. அந்த உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது தெருவில் தேங்காய் உடைக்கும் சீனர்கள் பினாங்கில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் நடக்க முடியாமல் போன அப்பாயிக்காக மூன்று வருடம் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் போய் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்துவிட்டு வந்தவர் எங்கள் ஆண்டி ஒருவர்தான் என்று நினைக்கிறேன். உடைத்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார், நம்பிக்கைக்கு.

ஒருவரை மறந்தால் அப்பாயி என்னை விட மாட்டார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா. இந்த மண்ணில் பிறந்த அப்பாயி 75 வயதுவரை சிவப்பு அட்டையோடுதான் இருந்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஆபீசில் இன்னொரு தாள் கேட்டார்கள். ஐயாதான் செபராங் பிறைக்குப் போய், தோட்டத்தில் அவர் பிறந்ததை அறிந்த கிழவி ஒருவரைத் தேடிப்பிடித்துச் சத்தியப் பிரமாணம் வாங்கினார். ஒன்பது முறை கூடவே வந்தார். பெட்ரோல் காசு வாங்கவில்லை, காப்பி மட்டும் குடித்தார். 2006இல் குடிமக்களுக்கான நீல அட்டை வந்தது. 8 மார்ச் 2008 அன்று, 77ஆம் வயதில், அப்பாயி வாழ்க்கையில் முதல் ஓட்டைப் போட்டார். யாருக்கு என்று சாகும்வரை சொல்லவில்லை. 2013 தேர்தலில்தான் விரலில் அழியாத மை வைக்க ஆரம்பித்தார்கள். அது அழிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பாயி நான்கு நாள் பாத்திரம் கழுவவில்லை. பாசாருக்குப் போய் ஒவ்வொரு கடையிலும் விரலைக் காட்டிவிட்டு வந்தார்.

பாத்திரம் என்றதும் திரும்ப அங்கேயே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றுமில்லை என்றால் இரண்டு பச்சைமிளகாயாவது இருக்கும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பார்கள், ஆனால் அப்பாயிக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஜப்பான்காரன் காலம். அவருடைய அப்பாவைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட என்று 1943இல் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அரிசி கிடையாது. கையில் இருந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. தோட்டத்து எல்லையில் காய்கறி போட்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் அவ்வப்போது மண்பானையில் மரவள்ளிக்கிழங்கு வைத்து, வேலிக்கு மேலாக நீட்டுவாராம். பானையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் போட அப்பாயியின் அம்மாவிடம் என்ன இருக்கும்? ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு அனுப்புவாராம். கிழவருக்கு அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாது, கோழிக்குப் போட்டுவிடுவார் என்று அப்பாயி சிரிப்பார். "ஆனா ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல."

சாவு வீட்டிலிருந்து எதையும் அனுப்பக் கூடாது என்று அத்தை சொன்னதால், 16ஆம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்தேன். அப்புறம் மூன்று நாள் அம்மியில் உட்கார்ந்தேன். இடுப்பு போய்விட்டது. மிக்சியில் அரைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தங்கை சொன்னாள். மீனுக்கான மசாலாதான், அது ஒன்றுதான் எனக்கு ஓரளவு கைவரும். மல்லி சற்றுக் கரகரப்பாக இருக்கிறது, உப்பு நீங்கள்தான் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவருகிறேன். மீன் சாப்பிடாத வீடுகளுக்கு உருளைக்கிழங்குக்கும் அது சேரும்.

20 பாத்திரங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றுக்கு ஆள் தெரியவில்லை. விளிம்பு உதிர்ந்த நீல மங்கு, சிவப்பு மூடி போட்ட சதுர டப்பா, பிடியில் வெள்ளைத் துணி சுற்றிய மூன்றடுக்கு டிபன் கேரியர். கேரியரில் வந்தது எலுமிச்சைச் சோறும் துவையலும், நன்றாக இருந்தது. உங்களுடையது என்றால் மாலை 6 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மசாலா குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, ஒரு வாரம் தாங்கும். வந்தால் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள். இந்த முறை சொல்லிக்கொண்டே போகலாம்.

அன்புடன்,
அப்பாயியின் பேத்தி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு